குறையாத பிரேக் ஆயில்

மிட்டாயக்காவின் சின்னக் கார், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துச் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு நின்ற நாளிலிருந்து, அவள் காலைப் பற்றிப் பேசாத வாய் அந்தத் தெருவில் இல்லை. நாற்பதுக்கு மேல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். இறக்கத்தில் பதறிப்போய், பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டாள். இதுதான் தீர்ப்பு. தீர்ப்பைச் சொன்னவர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான்.

அதிலும் கொடுமை என்னவென்றால், அவர் அதை அன்பாகச் சொன்னார். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். "விடும்மா, யாருக்கும் நடக்கறதுதான். பதட்டத்துல கால் எங்கயோ போயிருக்கும். உனக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்று முதுகைத் தடவிவிட்டு, கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் அந்தச் சாவி அவருடைய சலூனில், கத்தரிக்கோல் வைக்கிற இழுப்பறைக்குக் குடிபோய்விட்டது.

தெருமுனைச் சலூன் அவருடையது. தலையை ஒருவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வாய் மட்டும் சும்மா இருக்குமா? வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்த கதையாகிவிட்டது. சாக்கடையில் கார் எப்படி இறங்கியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கால் நழுவிய கதையைப் பொறுமையாகச் சொன்னார். பாவம், அவளைத் தாங்கிப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இறக்கத்தில் யாருக்கும் அப்படித்தான் ஆகும், பெரிய பெரிய டிரைவருக்கே ஆகும் என்று கூடவே சேர்த்துக்கொள்வார்.

ஆனால் அவள் மிதித்தது பிரேக்கை. வழக்கமாகக் காலை எதிர்த்துக் கட்டியாக நிற்கிற பெடல், அன்றைக்கு நனைந்த துணிமூட்டையை மிதித்தது போல அமுங்கி உள்ளே போய்விட்டது. மறுபடி மிதித்தாள், மறுபடியும் போயிற்று. இதை அன்றிரவே அவரிடம் சொன்னாள். ஜுரத்தில் பிதற்றுகிறவர்களுக்குத் தலையாட்டுகிற மாதிரி அவர் தலையாட்டினார். அவரையும் குறை சொல்ல முடியாது. மெக்கானிக் வந்து, கயிறு கட்டிக் காரை மேலே இழுத்து, உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பார்த்தபோது அது கல் மாதிரி நின்றது. தெருவை வளைய வளைய வந்து மிதித்துப் பார்த்தார், கல்லேதான். சொட்டு ஒழுகல் இல்லை, ஒரு குழாய் நெளியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைதான் மிட்டாயக்காவின் பட்டறை. எலுமிச்சை மிட்டாயும் இஞ்சி மிட்டாயும் காய்ச்சி, தகர டின்களில் நிரப்பி, மேட்டிலிருந்து நீண்ட இறக்கத்தில் காரை ஓட்டிப்போய்க் கீழே இருக்கும் கடைகளுக்குப் போடுவது அவள் தொழில். காகிதம் சுற்றுவது நாத்தனார் வேலை. வீட்டுக்காரரின் தங்கை; கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும். கார் நின்றுபோன பிறகு சரக்கு வாடகை வண்டியில் போய், பாதி நொறுங்கித் தூளாகத் திரும்பி வந்தது. அந்தத் தூளைப் பார்த்துக்கொண்டே நாத்தனார், "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்று மிட்டாய்க் காகிதத்திடம் சொல்வதைப் போலச் சொன்னாள்.

சரக்கு நொறுங்கியது அவளுக்குப் பெரிதில்லை. உள்ளே வேறொன்று நொறுங்கிக்கொண்டிருந்தது. ஒரே பேச்சைப் பத்துப் பேர் சொன்னால் பதினோராவதாக நாமே சொல்ல ஆரம்பித்துவிடுவோம் அல்லவா? நான் நிஜமாகவே ஆக்சிலேட்டரைத்தான் மிதித்தேனா என்று அவளுக்கே தோன்ற ஆரம்பித்தது. பாகைக் கிளறும்போது குனிந்து தன் வலது காலைப் பார்ப்பாள். கால் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு நடந்ததில் ஒரு துண்டை அவள் யாரிடமும் சொல்லவில்லை, தனியே இருக்கும்போதுகூட மனசுக்குள் எடுத்துப் பார்க்கவில்லை. கால்தான் குற்றவாளி என்று ஆகிவிட்டால் அந்தத் துண்டோடு எப்படி இருப்பது என்ற பயம் அவளுக்கு.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தாள். கால்தான் தப்பு செய்தது என்றால் அதைத் தெரிந்துகொண்டு, ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்துவிடலாம். இல்லை என்றால் இல்லை. இப்படி நடுவில் தொங்குவதுதான் அவளால் முடியவில்லை.

கேள்வியைப் பிடித்துக்கொண்டால் விடுகிற ஆள் இல்லை அவள். அடுப்படியில் நின்றபடி அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். சூட்டில் கெட்டு, ஆறினதும் நல்லபிள்ளை ஆகிவிடுகிற வஸ்து எது? அண்டாவில் பாகு தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தாள். குமிழிகள் ஒவ்வொன்றாக அடங்கி, மேற்பரப்பு கண்ணாடியாகிவிட்டது. ஆறின பாகைப் பார்த்து இது கொதித்ததா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்? கரண்டியை நாத்தனார் கையில் திணித்துவிட்டு மெக்கானிக் ஷெட்டுக்கு நடந்தாள்.

மெக்கானிக்குக்கு அந்தப் பகுதியில் 'சந்தேகம்' என்று பேர். அவர் எதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. மழை பெய்கிறது என்றால் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்பார். ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த அவருடைய பாதங்களிடம் அவள் கேட்டாள்.

"தம்பி, பிரேக்குக்குள்ள ஏதாவது கொதிக்குமா?"

பாதங்கள் முதலில் நகர்ந்தன. பிறகு ஆள் முழுதாக வெளியே வந்தார். முகத்தில் கிரீஸும் யோசனையும் சரிபாதியாக இருந்தன.

கையைத் துடைத்துக்கொண்டே அவர் விளக்கினார். பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கம்பியோ கயிறோ இல்லை. மெல்லிய குழாய், அது நிறைய பிரேக் ஆயில். திரவத்தை எவ்வளவு அழுத்தினாலும் சுருங்காது. அதனால் கால் கொடுக்கிற அழுத்தம் அப்படியே போய்ச் சக்கரத்தைப் பிடிக்கும். ஆனால் அந்த ஆயில் சூடேறிக் கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக்குமிழி வந்துவிடும். ஆவி சுருங்கும். மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிப்போகும், சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. வண்டி ஆறினால் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடல் கல் மாதிரி ஆகிவிடும்.

"நான் ஆறின வண்டியைத்தான் மிதிச்சுப் பார்த்திருக்கேன்" என்றார், தன்னையே சந்தேகப்படுகிறவராக. உடனே அந்தச் சந்தேகத்தின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல ஆயில் அவ்வளவு லேசில் கொதிக்காது; பெரிய மலை இறக்கத்தில்தான் அப்படியெல்லாம் ஆகும். அன்றைக்கு எப்படி இறங்கினாள் என்று கேட்டார். முன்னால் ஒரு லாரி ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்தது, முந்த முடியவில்லை, டின்களோடு பாரம் வேறு. மூன்றாவது கியரில், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலே வந்தேன் என்று சொன்னாள். அவர் உச்சுக்கொட்டினார். இரண்டாவது கியரில் போட்டிருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்திருக்கும், பிரேக் இப்படிச் சூடேறியிருக்காது என்றார். அது என் தப்புதான் என்று அவள் உடனே ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொள்ள ஒரு தப்பு கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

மத்தியானம் அவர் ஜாக்கியும் ஒரு பெரிய ஊசி சிரிஞ்சுமாக வீட்டுக்கு வந்தார். முன்சக்கரத்தைக் கழற்றி, சக்கரத்தை அழுத்திப் பிடிக்கிற பிரேக் கட்டையைப் பார்த்தார். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இந்த வயசுக் காருக்கு அது சகஜம்தான் என்றார். பிறகு பானெட்டைத் திறந்தார். பிரேக் ஆயில் இருக்கும் டப்பா, வெளியிலிருந்தே அளவு தெரிகிற மங்கலான வெள்ளை பிளாஸ்டிக். ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் சக்கரத்தைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், மறுபடி சக்கரத்தைப் பார்த்தார்.

"ஆயில் எப்ப ஊத்தினீங்க?"

யாரும் ஊற்றவில்லை என்றாள். காரை ஓட்டுவது அவள் என்றாலும் பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்கு ஓட்டத் தெரியாது, ஆனால் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார். பிரேக் ஆயில் ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை என்று வாராவாரம் வந்து அறிவிப்பார். போன வருஷம் இதே மெக்கானிக், ஆயிலுக்கு வயசாகிவிட்டது மாற்றிவிடலாம் என்றபோது, குறையாத ஆயிலை எதற்கு மாற்ற வேண்டும் என்று அவர்தான் தடுத்துவிட்டார்.

"குறையணும்க்கா" என்றார் சந்தேகம். "கட்டை தேயத் தேய, அந்த இடத்தை அடைக்க ஆயில் கீழ இறங்கும். கட்டை பாதி தேஞ்சிருக்கு, டப்பா தளும்ப நிக்குது. குறைஞ்சா எல்லாருக்கும் வயித்துல புளியைக் கரைக்கும். எனக்கு இது குறையாததுதான் பயமா இருக்கு."

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. பயத்தினால் அல்ல; விடுகதையின் முதல் முடிச்சு அவிழ்ந்தது போல இருந்தது. குறைந்த ஆயிலின் இடத்தில் வேறு ஏதோ வந்து நிரம்பியிருக்கிறது. தண்ணீரா? தண்ணீர் என்றால் எண்ணெயோடு ஒட்டாமல் தனியாக நிற்காதா என்று கேட்டாள்.

பேர்தான் ஆயில், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றார் அவர். தண்ணீரைக் கண்டால் விடாது, தனக்குள் சேர்த்துக் கரைத்துக்கொள்ளும். மூடியை ஒழுங்காக மூடாவிட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தையே குடிக்கும். ஒழுங்காக மூடினாலும் ரப்பர் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. தண்ணீர் சேரச் சேர அது கொதிக்கிற சூடு இறங்கிக்கொண்டே வரும். இது அவளுக்குப் பழகிய குணம். ஈரத்தைக் குடிப்பதில் சர்க்கரையை மிஞ்ச ஆள் இல்லை. பாகில் தண்ணீர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அது கொதிக்கிற சூட்டை வைத்துத்தான் அவள் தினமும் கணக்குப் பண்ணுகிறாள். தண்ணீர் குறையக் குறையச் சூடு ஏறும், தண்ணீர் கூடினால் இறங்கும்.

ஆயிலைச் சோதிக்கிற கருவி ஒன்று சந்தேகத்திடம் இருந்தது. அது செத்துப்போய் மாசக்கணக்காகிறது, வேறொன்று கேட்டு வாங்கி வருகிறேன் என்றார். அவளால் அதுவரைக்கும் பொறுக்க முடியாது. பட்டறையிலிருந்து பாகு வெப்பமானியை எடுத்து வந்தாள். அதற்கப்புறம் அது மிட்டாய்க்கு ஆகாது என்று தெரிந்தேதான் எடுத்து வந்தாள்.

யாரும் வீட்டடுப்பில் செய்து பார்க்கக் கூடாத வேலை அது. புகை ஆகாது, தீப்பிடிக்கும். சந்தேகம் எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் திறந்தவெளியில் வைக்கச் சொன்னார். ஒரு இரும்புச் சட்டியில் மணலை நிரப்பி, அதற்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைப் புதைத்து, சிரிஞ்சில் உறிஞ்சிய பழைய ஆயிலை அதில் விட்டார். சின்னத் தீ. புகை மேலே படாதபடி, காற்று வருகிற பக்கமாக இரண்டு பேரும் நின்றார்கள். நாத்தனார் காகிதமும் கையுமாகப் பட்டறை வாசலுக்கு வந்துவிட்டாள்.

வெப்பமானி நூறு டிகிரியைத் தாண்டியது. ஒன்றும் இல்லை. நூற்றிருபது. ஒன்றும் இல்லை. கொதிக்கவே இல்லை என்றால் கால்தான். நூற்று நாற்பதை நெருங்கும்போது கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு சின்னக் குமிழி மேலே வந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. பிறகு வரிசை கட்டிக்கொண்டு வந்தன. அவள் மிட்டாய் பதத்துக்கு வருவது நூற்றைம்பதில். மிட்டாய்ப் பாகு பதத்துக்கு வருமுன்பே கொதித்துப்போகிற ஆயிலை நம்பி அவள் இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். சந்தேகம் அதோடு விடவில்லை. சட்டியை ஆறவைத்து, வேறு கிண்ணம் வைத்து, சீல் உடைக்காத புது டின்னிலிருந்து ஆயிலை விட்டு மறுபடி சூடேற்றினார். வெப்பமானி இருநூறு வரை ஏறி, அதற்கு மேல் காட்ட வழியில்லாமல் நின்றது. புது ஆயிலில் ஒரு அசைவும் இல்லை.

"உங்க கால்மேல தப்பே இல்லக்கா" என்றார் அவர். ஜென்மத்தில் எதையும் இவ்வளவு உறுதியாக அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள், துடைக்கத் துடைக்க வந்தது. நாத்தனார் கையிலிருந்த மிட்டாயைப் பிரித்து அவள் கையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சந்தேகம் நேரே சலூனுக்குக் கிளம்பினார். அவள் தடுத்தாள். ஆயில் பழசாகிவிட்டது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். பழசானதால் இவ்வளவு கெடுமா, அப்படியே கெட்டாலும் டப்பா ஏன் நிறைய வேண்டும்? காற்றில் இருக்கிற ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்று அவரே இப்போதுதானே சொன்னார், அது டப்பாவை இப்படி நிரப்புமா? தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஆயிலை மாற்றி என்ன பிரயோஜனம், புதிதும் அதே கதிதான் ஆகும். அவர் யோசித்துவிட்டு, அதுவும் சரி என்றார். அதுவரை வண்டியை நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சலூனுக்கு விடுமுறை. விடுமுறை என்றால் வீட்டுக்காரருக்குக் கார் கழுவும் நாள். ஓடாமல் நிற்கிற காரையும் அவர் விட்டுவைக்கவில்லை. வாளி, சோப்பு, மூன்று தினுசுத் துணி, பழைய ஷேவிங் பிரஷ் எல்லாவற்றோடும் முற்றத்தில் இறங்கினார். சுத்தம் அவருக்குத் தொழில். ஒருவர் தலையில் பட்ட சீப்பைக் கழுவாமல் இன்னொருவர் தலையில் வைக்கமாட்டார். கத்தி, கத்தரிக்கோல், கிண்ணம் எல்லாம் வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போகும். அவருடைய கடையில் சவரம் பண்ணிக்கொண்டு யாருக்கும் ஒரு பரு வந்ததில்லை என்று பேர்.

அவள் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ வாரம் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் திரும்பி நின்று பார்க்கிறாள். அவர் கூரையைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்தார். பானெட்டைத் தூக்கினார். பேட்டரியின் தலையை பிரஷ்ஷால் தேய்த்தார். பிறகு குனிந்து, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். கையில் இருந்த மூடிக்கு அடியில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் இருந்தது. அதைப் பிரித்தெடுத்து சோப்புத் தண்ணீரில் முக்கினார். பிரஷ்ஷால் தேய்த்தார். நல்ல தண்ணீரில் அலசினார். ஒரு தடவை உதறி, துணியால் மேலே ஒற்றி, மூடியில் மாட்டி, டப்பாவை மூடினார். குழந்தைக்குத் தலை துவட்டுகிற பக்குவம் அந்தக் கையில்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபம் வந்தது, அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள்; இங்கே பாவம் பண்ணியவரே பழியையும் பங்கு போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை. அதில் அவளுக்கு இன்னொரு கோபம்.

வெளியே வந்தாள். அந்த மூடியை மறுபடி கழற்றித் தரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டபடியே கழற்றிக் கொடுத்தார். ரப்பரைப் பிரித்தெடுத்து, அவருடைய உள்ளங்கையை நீட்டச் சொல்லி, அதற்கு மேலே வைத்து மடிப்புகளை விரலால் நசுக்கினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்து அவர் உள்ளங்கைக் குழியில் தேங்கியது.

"ஒவ்வொரு வாரமும் கழுவுவீங்களா?"

"அதுல தூசி சேருமே" என்றார். "எண்ணெய்தானே, ரெண்டு சொட்டுத் தண்ணி பட்டா என்ன ஆகிடும்?"

அவள் சொன்னாள். எண்ணெய் இல்லை என்பதையும், வாரத்துக்கு இரண்டு சொட்டு வீதம் வருஷக்கணக்காக அது குடித்ததையும், டப்பா குறையாமல் நின்ற காரணத்தையும், கொல்லைப்புறத்தில் நூற்று நாற்பதில் வந்த குமிழியையும் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. கேட்கக் கேட்க அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கையில் தேங்கிய தண்ணீரைக் கொட்டக்கூடத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவர் ஏதாவது சொல்லமாட்டாரா என்று இருந்தது. அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விட்டார்.

சந்தேகம் அன்றைக்கே வந்து பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் குழாய் வழியாகச் சுத்தமான ஆயில் வரும் வரைக்கும் புதிதைத் தள்ளினார். மிச்சம் இருந்ததை எடுத்து வைக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு, உடைத்த டின்னைச் சேர்த்துவைக்கிற வழக்கமே வேண்டாம் என்றார். காரின் மேல் சிந்திய ஒரு துளியை ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார், பெயின்ட்டைத் தின்றுவிடுமாம். தண்ணீர் ஊற்ற வேண்டிய ஒரே இடம் இதுதான் என்று வேறு சொல்லிவைத்தார். வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் நாத்தனார் சலூன் பக்கம் போய்விட்டு ஓட்டமும் நடையுமாக வந்தாள். அண்ணன் காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறாராம். கேட்கிறவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்கிறாராம். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எழுந்து போக முடியும்? அவள் கால் தப்பவில்லை, பிரேக்கைக் கெடுத்தது நான், கழுவிக் கழுவிக் கெடுத்தேன் என்று ஆளுக்கு ஆள் அதே வார்த்தை. சொல்லிக்கொண்டு வந்த நாத்தனார் பாதியில் நிறுத்தி, "நானும்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன் அண்ணி" என்றாள். நாத்தனார் சலூனிலிருந்து கொண்டுவந்திருந்த கார் சாவியை வாங்கிக்கொண்டு, மிட்டாயக்கா டின்களைக் காரில் ஏற்றினாள். இரண்டாவது கியரில் இறக்கத்தை இறங்கி, கடைகளுக்குச் சரக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பெடல் காலுக்குக் கட்டியாக நின்றது.

சாயங்காலம் வீட்டுக்காரர் வழக்கத்துக்கு முன்னாலேயே கடையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டார். கை கால்கூடக் கழுவாமல் பட்டறைக்குள் வந்து, சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒருத்தர் கேட்டார்" என்றார். "பிரேக்கே பிடிக்கலைன்னா, உங்க வீட்டம்மா வண்டியை எப்படித்தான் நிறுத்தினாங்கன்னு. கத்தியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். எனக்குத் தெரியலை. நான் உன்னைக் கேக்கவே இல்லை."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

"எப்படிம்மா நிறுத்தினே?"

கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். முதலிலிருந்து சொன்னாள். லாரியின் பின்னால் இறங்கியது, கருகின வாடை வந்தது, கீழே லாரி கிளைச்சாலையில் திரும்பிப் போனதும் கண்ணெதிரே மூடிய ரயில்வே கேட். கேட்டுக்கு முன்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். சைக்கிளின் பின் கேரியரில் ஒரு சின்னப் பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. பெடல் அமுங்கிப் போயிற்று. ஹாரனை அடித்தாள், ரயில் வருகிற இரைச்சலில் அது யாருக்கும் கேட்கவில்லை. கைபிரேக்கை இழுத்தாள், வேகம் குறைந்தது, நிற்கவில்லை.

"சாக்கடைக்குள்ள அது தானா போகலைங்க" என்றாள். "நான்தான் திருப்பினேன்."

ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

"சொல்ல ஆரம்பிச்சேன். கால் நழுவிருச்சுன்னு நீங்க முடிச்சு வெச்சுட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கே பயம் வந்திருச்சு. நிஜமாவே நான் தப்பா மிதிச்சிருந்தேன்னா, அந்தப் பொண்ணை நான்தானே..."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்டாவில் பாகு பதம் தாண்டிக் கறுக்க ஆரம்பித்துவிட்டது, இரண்டு பேரும் அதைப் பார்க்கவில்லை. ஒருவழியாக அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்துச்சா?"

"இல்லைங்க" என்றாள். "அது ரயில் பெட்டியை எண்ணிக்கிட்டு இருந்துச்சு."